பத்தொன்பதாம் எண் மரம்

ஜன்னலோர நாற்காலி வேண்டாம், இப்படி வந்து உட்காருங்கள். இன்னும் கால் மணி நேரத்தில் அங்கே வெயில் வந்துவிடும். முன்பெல்லாம் இந்த அறையில் பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் செய்தித்தாள் படிக்க முடியும். இப்போது இரண்டு திரைச்சீலை போட்டும் கண் கூசுகிறது. தண்ணீர் மேசையில் இருக்கிறது, நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். மனைவி வீட்டில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

உங்கள் கடிதம் வந்தது. 'மரங்களின் எண் தகடுகள் இடம் மாறியது தொடர்பாக, அத்தெருவில் நீண்டகாலம் வசிப்பவர் என்ற முறையில் தங்கள் வாக்குமூலம் தேவைப்படுகிறது.' நல்ல வாசகம். 'தேவைப்படுகிறது' என்பதற்குப் பதில் 'பெற விழைகிறோம்' என்று போட்டிருந்தால் இன்னும் மரியாதையாக இருந்திருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பெயர்தான் உரிமம் வழங்கும் அலுவலகம். என் வேலை வழங்காமல் இருப்பது. நிராகரிப்புக் கடிதங்கள் எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். ஒருவருக்கு இல்லை என்று எழுதினால், படித்து முடித்ததும் அவரே 'ஆமாம், இல்லை என்பதுதான் நியாயம்' என்று தலையாட்ட வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும்.

அந்தக் கையால் நானே ஒரு மனு எழுதவேண்டி வந்தது என் வாசல் மரத்தால். என் வாசலில் நின்றாலும் அது நகரசபைக்குச் சொந்தம். வேர் என் சாக்கடைக் குழாய்க்குள், இலை என் மொட்டைமாடியில், பறவை எச்சம் என் வண்டிமேல், மரம் மட்டும் உங்களுடையது. வருடத்துக்கு இரண்டு முறை கழிப்பறைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும். குழாய் ரிப்பேர்காரர் கம்பியை விட்டு இழுப்பார். சீப்பில் சிக்கிய முடியைப்போல முழம் முழமாக வேர் வரும். போகும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: "மரம் இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுல எனக்கு வேலை இருக்கு சார்."

இதெல்லாம் மரத்தை வெட்டி எடுக்கக் கோரிய மனுவில் எழுதிய காரணங்கள். எழுதாத காரணம் ஒன்று உண்டு. இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன், அதனால் அதையும் சொல்கிறேன். மாலை நான்கு மணியானால் என் மனைவி மாடி ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்வாள். கைக்கெட்டும் தூரத்தில் கிளை. வருகிற குருவி, போகிற அணில் எல்லாவற்றோடும் பேசுவாள். "வந்துட்டியா? உன் வீட்டுக்காரன் எங்கடி?" என்று கேட்பாள், சிரிப்பாள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. என்னிடம் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. காபி மேசையில இருக்கு. மாத்திரை தீந்துபோச்சு. கதவைச் சாத்திக்கோங்க. அவ்வளவுதான் எனக்கு வருவது. ஒரு மரத்தின்மேல் மனிதன் பொறாமைப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். படுவான்.

மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் உங்கள் மர ஆய்வாளர் வந்தார். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கிறீர்களே, அவர்தான். ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி என்று சொன்னார். நல்ல மனிதர். பையிலிருந்து ஒரு மரச் சுத்தியலை எடுத்து, அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து டொக் டொக்கென்று தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "கல்லு மாதிரி இருக்கு சார். இன்னும் அம்பது வருஷம் நிக்கும்," என்றார். எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்வதாக நினைப்பு.

வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தெருவில் நடந்தார். நானும் கூட நடந்தேன். எங்கள் தெருவில் இருபத்திரண்டு மரங்கள். எல்லாம் ஒரே இனம், ஒரே வருடத்தில் நட்டவை, பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, அதில் எண். என் வாசலில் நின்றது பதினான்கு. ஐந்து மரம் தள்ளி, எதிர்வரிசை தொடங்கும் வளைவில், தையல்காரம்மா வீட்டு முன்னால் நின்றது பத்தொன்பது. அதைத் தட்டியதும் ஆய்வாளர் முகம் மாறியது. இன்னொரு முறை தட்டிவிட்டு, "நீங்களே காதை வச்சுக் கேளுங்க சார்," என்றார். காலி டின்னைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

"வெளியே பச்சை, உள்ளே ஒண்ணுமில்ல. சில மனுஷங்க மாதிரி," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வெளியூர்களுக்கு லாரி ஓட்டுபவர், மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்தால் அதிகம். பிள்ளைகள் இல்லை. முன்னறையில், ஜன்னலை ஒட்டி, அந்த மரத்தடியில்தான் தையல் இயந்திரம்.

"ஒரு மாசத்துல எடுத்துடுவாங்கம்மா. காத்துக்காலத்துக்கு முன்னாடி எடுத்தே ஆகணும்," என்றார் ஆய்வாளர்.

"அய்யோ பாவம், அதுபாட்டுக்கு நின்னுட்டிருக்கு," என்றார் அந்தம்மா.

அப்போதே என் வயிறு எரிந்தது. எடுங்கள் என்று கெஞ்சுகிறவனுக்கு இல்லை, பாவம் என்கிறவருக்குக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். நான்கு நாள் கழித்து எனக்குப் பதில் வந்தது. 'ஆரோக்கியமான மரம். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' இரண்டே வரி. முப்பத்தொரு வருடத்தில் நான் எவருக்கும் இரண்டு வரியில் எழுதியதில்லை.

அன்று நடந்துகொண்டே ஆய்வாளரிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். வெட்ட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் வீட்டு எண் இருக்காது, மர எண் மட்டும்தான். முன்பு வீட்டு எண் போட்டுக் கொடுத்தார்களாம். ஏதோ ஒரு தெருவில் ஒரே எண்ணில் இரண்டு வீடு இருந்து, நல்ல மரத்தை வெட்டித் தள்ளிவிட்டார்களாம். அதற்குப் பிறகு தகடு சொல்வதுதான் வேதம். "வீட்டு நம்பர் மாறும் சார், மரத்து நம்பர் மாறாது," என்றார். பாவம், எதையும் மறைக்கத் தெரியாத மனிதர்.

பட்டப்பகலில்தான் செய்தேன். பதுங்கிப் பதுங்கிச் செய்கிறவனைத்தான் தெரு பார்க்கும். தலையில் தொப்பி, கையில் ஸ்டூல், சுத்தியல், ஈரத்துணி. முதலில் என் வாசலில் பதினான்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு தையல்காரம்மா வாசலுக்குப் போய் ஸ்டூலைப் போட்டேன். வேர் கிளப்பிவிட்டதால் அங்கே நடைபாதைக் கல் மேடும் பள்ளமுமாக இருந்தது, ஸ்டூல் ஆடியது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவர் ஓடிவந்தார்.

"என்னண்ணே இந்த வெயில்ல?"

"தகடு ஆடுதும்மா. வெட்ட வர்றவங்களுக்கு நம்பர் தெரிய வேண்டாமா? துடைச்சு அடிச்சு வைக்கிறேன்."

"எங்க வீட்டு வேலையை நீங்க செய்றீங்க. இருங்க, பிடிச்சுக்கிறேன். நீங்க விழுந்து வச்சா அண்ணிக்கு யார் பதில் சொல்றது?"

இரண்டு கையாலும் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பத்தொன்பதைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, பதினான்கை அதே இடத்தில் வைத்து அடித்தேன். இறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு என் வாசலுக்கு வந்து பத்தொன்பதை அடித்தேன். அங்கே ஸ்டூலைப் பிடிக்க ஆளில்லை.

ஒன்பதாம் நாள் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். ரம்பம் பாதியிலேயே மொண்ணையாகிவிட்டது. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார், இரும்பு மாதிரி இருக்கே. எந்தப் புண்ணியவான் இதைச் சொத்தைன்னு எழுதினான்?" என்றார்.

"நம்பர் சரியா இருக்கா பாருங்க," என்றேன்.

"நம்பர் சரிதான்."

"அப்புறமென்ன? எழுதினவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

அவர் திரும்பவும் ரம்பத்தை எடுத்துக்கொண்டார். கீழே கிடந்த துண்டுகளை என் மனைவி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்மரம் தேங்காய்த் துண்டுபோல வெள்ளையாக இருந்தது. உள்ளே அழுகல் என்று அதிகாரி எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை.

இந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கலாம். எனக்கு யார்மேலும் பகை கிடையாது. ஆனால் மாதம் முடிந்ததும் தையல்காரம்மா வந்து நின்றார். "அண்ணே, உங்க மரம் போயிடுச்சு, எங்களது அப்படியே இருக்கே?" உங்கள் பதிவேட்டில் பத்தொன்பது வெட்டியாகிவிட்டது, பதினான்கு ஆரோக்கியமாக நிற்கிறது. அவர் ஒருநாள் அலுவலகப் படியேறினால் போதும், என் குட்டு உடைந்துவிடும். அவரைப் படியேற விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது.

அவரே வழி சொன்னார். "நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்கண்ணே. உங்க எழுத்துக்குக் கல்லும் கரையும்."

எழுதினேன். நானே நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இருபது நாள் கழித்து இன்னொன்று. மொத்தம் நான்கு. ஒன்றை ஒன்று மிஞ்சும். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை, நிராகரிப்பில் இல்லாத ஒரு ஈரம் அவற்றில் இருந்தது. 'நாள் முழுவதும் பிறர் உடுத்துவதற்காகக் குனிந்திருக்கும் என் தலைக்குமேல் இந்த மரம் சாய்ந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி. வாசித்துக் காட்டியபோது அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டபோது என்னுடைய பழைய மனுவின் ரசீதைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "நீங்க சொன்னா சரிண்ணே," என்றார்.

மூன்றாவதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுதாம்," என்றாள், மடிக்கிற துண்டைப் பார்த்து.

மழை தொடங்கியதும் அடிமரத்தில் காளான் பூத்தது, பட்டை விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. தையல்காரம்மா பயந்துவிட்டார். இயந்திரத்தைப் பின்னறைக்கு மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

"மாத்தாதீங்கம்மா," என்றேன். "ஆள் புழங்குற அறை மேல சாயுதுன்னு மனுவுல எழுதியிருக்கோம். ஆய்வுக்கு வர்றவர் முன்கூட்டிச் சொல்லிட்டு வரமாட்டார். வர்ற நேரம் அறை காலியா இருந்தா, ஆளே இல்லாத அறைக்கு என்ன ஆபத்துன்னு எழுதிட்டுப் போயிடுவார். நான் அந்த மாதிரி எத்தனை எழுதியிருக்கேன் தெரியுமா?"

அது உண்மை. எத்தனையோ எழுதியிருக்கிறேன். அப்போது அதைச் சொன்னது மனுவின் நயத்துக்காகத்தான். ஒரு மனுவில் எழுதியதும் நேரில் காண்பதும் ஒத்துப்போக வேண்டும் என்பது என் வழக்கம். யாரும் ஆய்வுக்கு வரப்போவதில்லை என்பது ஒரு கணம் எனக்கே மறந்துபோயிருந்தது.

நான்காவது மனுவில் கையெழுத்துப் போட வந்த அன்று, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "அண்ணே, நம்ம மரத்து நம்பர் பத்தொம்போதுதானே?"

"ஏம்மா?"

"நேத்து நிமிர்ந்து பாத்தா பதினாலுன்னு இருக்கு. எனக்குக் கல்யாணமான வயசு பத்தொம்போது. முன்னல்லாம் ஊசியில நூல் கோக்கிறப்ப கண்ணு அங்கதான் போகும், மறக்குமா? வெட்டணும்னு சொன்னதிலேருந்து நிமிர்ந்து பாக்கவே மனசு வரல. நம்பர் குழப்பத்துலதான் மனு தேங்கிக் கிடக்கோ என்னவோ. சனிக்கிழமை அவர் வந்துடுவார். நேரா ஆபீசுக்கே போய்ச் சொல்லிட்டு வரச் சொல்றேன்."

என்னைக் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் என்னோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து காற்று. ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மரம் முனகுது. போட்டது போட்டபடி பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்கவா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியைத் தாண்டி இந்த ஜன்னலுக்கு வந்தேன். என் வாசலில் மரம் இல்லாததால் அவர் வீடு நேராகத் தெரிந்தது. மற்ற மரங்கள் காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. அது சாய்ந்தால் நிமிரவில்லை. அடியில் நடைபாதைக் கற்கள் எழும்பி எழும்பி அமர்ந்தன. என்னைப்போல மரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டவனுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

"நல்ல நாள் பாத்தீங்க போங்க," என்றேன். "இப்பத்தான் ஆபீசுலேருந்து சொன்னாங்க. இன்னிக்கு ஆய்வுக்கு வர்றாங்க, பத்து பத்தரைக்குள்ள வந்துடுவாங்க. நீங்க மெஷின்ல உக்காந்து தைக்கிறதை அவங்க கண்ணால பாக்கணும். அவங்க போனதும் எங்க வேணாலும் போங்க."

"அப்படியா? நல்லவேளை கேட்டேன்," என்றார். காற்றில் குரல் விட்டு விட்டு வந்தது. "நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்ணே."

யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாரும் வருவதாகவும் இல்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்ததும் நீங்கள் உட்காரப் போனீர்களே, அதே நாற்காலிதான். அவர் முன்னறையில் தையல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு முறை அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் வரலையே என்பதுபோலக் கையை விரித்தார். உட்காருங்கள் என்று நான் கையால் காட்டினேன். உட்கார்ந்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

முதலில் ஓடிப்போனவன் நான்தான். அதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிளைகளை விலக்கியதில் என் கை முழுக்கச் சிராய்ப்பு. அவர் கை துணியை விடவில்லை, பாதி தைத்த ஒரு சட்டைக் கை. மறுநாள் லாரிக்காரர் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதார். "எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க சார்," என்றார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அந்தம்மாவுடைய மனுக்களை அவ்வளவு கவனமாக எழுதியவன் நான்.

நீங்கள் ஆய்வாளரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக்கூடாது. அவர் சரியாகத்தான் தட்டினார், சரியாகத்தான் எழுதினார். தகட்டை மாற்றியது நான். உங்கள் கடிதம் அதைத்தான் கேட்கிறது, ஆனால் தகடு சின்ன விஷயம். தகடு மாறியதால் மரம் விழுந்தது, அவ்வளவுதான். மரம் விழும்போது அந்தம்மா அதன் அடியில் இருந்தது தகட்டால் அல்ல. உட்காரச் சொன்னது நான், விழும் என்று தெரிந்து, சனிக்கிழமை வரக்கூடாது என்பதற்காக. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வாசகத்தை வேண்டுமானால் நான் சரிபார்த்துத் தருகிறேன்.

பத்து நாள் கழித்து என் மனைவி மாத்திரைச் சீட்டைத் தேடி இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது நான்கு மனுவும் மேசையில் தேதி வாரியாக வரிசையாக இருந்தன, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர். அவள் பையோடு வாசலில் நின்றாள்.

"அன்னிக்குப் போன்ல யார்கிட்ட பேசினீங்க?" என்று கேட்டாள்.

ஆறு வருடத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது கிளம்பிவிட்டாள். வெயில் தாங்காமல்தான் போனாள், வேறொன்றுமில்லை. முன்பக்கம் நெருப்பாகக் கொதிக்கும்போது யாரால் இருக்க முடியும்? தங்கை வீட்டு வாசலில் நிழல் இருக்கிறது.

இந்த உறையைப் போகும்போது எடுத்துப் போங்கள். என் வாசலில் ஒரு மரக்கன்று நட்டுத்தரக் கோரி மனு எழுதி வைத்திருக்கிறேன். இதை மட்டும் இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள். குருவி வந்து உட்கார்கிற இனமாக இருந்தால் நல்லது. மரம் வளர்ந்தால் அவள் வந்துவிடுவாள், அதனால் சீக்கிரம் வளர்கிறதாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.